கணினிக்குள் ஓர் அலுவலகம் – 11: தாளுக்குப் பின்னால் ஓர் ஆள்

நிறுவனத்தின் ஆவணங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் மென்பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அவற்றை வாங்கிப் போட்ட பிறகும் ஊழியர்கள் ஏன் பக்கத்து மேசைக்காரரையே கேட்கிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பயணப்படி விண்ணப்பத்தைத் தேடினால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் நியூ’ என்று மூன்று கோப்புகள் வந்து நிற்கும். தேடுபொறி தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்றில் இன்று செல்லுபடியாவது எது என்றுதான் தெரியவில்லை. அது தெரிய வேண்டுமானால், எழுதியவர் யார், அவர் இன்னும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறாரா, போன மாதம் இதைக் கொடுத்துப் பணம் வாங்கியவர் யார் என்று தெரிய வேண்டும். இதெல்லாம் தாளில் இருக்காது, ஆளிடம்தான் இருக்கும். ஃபேஸ்புக், லிங்க்ட்இன் போன்ற தளங்கள் எதைக் காட்டினாலும் ஓர் ஆளோடு சேர்த்தே காட்டும். அலுவலக ஆவணக் கிடங்கு அவற்றிடமிருந்து கடன் வாங்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்பது என் கட்சி. நிர்வாகங்கள் பெரும்பாலும் கடன் வாங்குவது வேறொன்றை; அதற்குப் பிறகு வருவோம்.

இதற்கு நல்ல சான்று ஃபேஸ்புக் பிறப்பதற்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், காப்பி மெஷின் ரிப்பேர் பார்க்கும் டெக்னீஷியன்களோடு 1980களில் சுற்றி, அவர்கள் வேலையை உன்னிப்பாகக் கவனித்தார். இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய் என்று கம்பெனியின் கையேடு வரிசையாகச் சொன்னது. மெஷின் காட்டும் பிழை ஒன்று, உண்மையான பழுது வேறொன்று என்று ஆகும்போது அந்தக் கையேடு கைவிட்டது. அப்போதெல்லாம் கை கொடுத்தவை, சாப்பிடும் இடத்தில் டெக்னீஷியன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள். அந்தப் பேச்சை எழுத்தில் சேர்க்கும் ஏற்பாடாக 1990களில் உருவானது யுரேகா. பிரான்சில், தொலைபேசிக் கம்பியில் ஓடிய மினிடெல் சேவை வழியாக அது முதலில் பரவியது. ஒரு டெக்னீஷியன் குறிப்பு எழுதுவார். சக தொழிலாளர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். பிறகு எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போய்ச் சேரும். பிரேசிலில் 40,000 டாலர் கலர் மெஷின் ஒன்றை மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோது, மான்ட்ரியல் டெக்னீஷியன் ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. கோளாறு, ஒரு டாலர்கூடப் பெறாத ஃபியூஸ் ஹோல்டரில்! யுரேகாவால் கம்பெனிக்கு மிச்சமானது 10 கோடி டாலர் என்று ஜான் சீலி பிரவுனும் பால் டுகுயிடும் 2000இல் எழுதினார்கள். பிரவுன் ஜெராக்ஸ்காரர் என்பதால் கணக்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சின்னத் தொகை இல்லை.

ரகசியமே தொழிலாக உள்ள உளவுத் துறையிலும் இப்படி எழுத்தோடு ஆளைச் சேர்க்கும் ஏற்பாடு வந்தது. விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேரும் சிலரைப் பற்றிச் சந்தேகம் எழுப்பி, எஃப்.பி.ஐ.யின் ஃபீனிக்ஸ் அலுவலகத்திலிருந்து 2001 ஜூலையில் ஒரு குறிப்பு தலைமையகத்துக்குப் போனது. அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. செப்டம்பரில் நடந்தது உலகறிந்தது. பிறகு சி.ஐ.ஏ.வின் கால்வின் ஆண்ட்ரஸ் 2004இல் எழுதிய கட்டுரை, உளவு அமைப்புகளுக்கு விக்கியும் வலைப்பதிவும் வேண்டும் என்று வாதிட்டது. 2006இல் அறிமுகமான இன்டெலிபீடியா, விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்தது. ஒரு பெரிய வித்தியாசம்: பெயர் மறைத்துத் திருத்த முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவர் பொறுப்பு. நம் தலைமைச் செயலகக் குறிப்புக் கோப்பில் கீழிருந்து மேல்வரை ஒவ்வொருவரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் போன்ற ஏற்பாடுதான் இது.

எல்லோருக்கும் திறந்துவிட்டால் ரகசியம் கசியாதா என்பார்கள். 2,50,000க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தூதரகத் தந்திகள் 2010இல் விக்கிலீக்ஸுக்குப் போனதைக் காட்டுவார்கள். நியாயமான பயம். ஆனால் அங்கே திறந்து கிடந்தது வெறும் கிடங்கு. ஒரே ஆள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போனது அன்று யார் கண்ணிலும் படவில்லை. யார் எதைத் தொட்டார் என்பது தெரியும் அமைப்பு, அந்த வகையில் பூட்டிய அலமாரியைவிடப் பாதுகாப்பானது. இதைவிடக் கனமான ஆட்சேபம் தொழிலாளர் பக்கத்திலிருந்து வர வேண்டும்: நான் எதைப் படித்தேன் என்று மேலதிகாரி பார்த்துக்கொண்டிருப்பாரே? இதை மழுப்ப முடியாது. எழுதியதும் திருத்தியதும் பெயரோடு தெரியட்டும். படித்தவர் பெயர் பாதுகாப்புப் பதிவேட்டோடு நிற்கட்டும், மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு அது வரக்கூடாது. எழுதுபவர்கள் எப்போதும் சிலர்தானே என்ற குறை எனக்குக் குறையாகவே படவில்லை. மான்ட்ரியலில் எழுதியவர் ஒருவர்தான்.

சமூகத் தளங்களிடமிருந்து நிர்வாகங்கள் ஆசைப்பட்டுக் கடன் வாங்குவது லைக் பொத்தானையும் ஓடிக்கொண்டே இருக்கும் செய்தி ஓடையையும். அலுவலகங்களுக்கான சமூகத் தளம் நடத்திய யாம்மர் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 2012இல் 120 கோடி டாலருக்கு வாங்கியது. அலுவலகங்களுக்கென ஃபேஸ்புக் 2016இல் கொண்டுவந்த வொர்க்பிளேஸை மூடப்போவதாக மெட்டா 2024 மேயில் அறிவித்துவிட்டது. இத்தகைய தளங்களில் பேச்சு ஓரிடத்திலும் ஆவணம் வேறிடத்திலும் கிடப்பதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். ஜி.எம். பிறந்தநாள் கேக் படத்துக்கு நூறு லைக் விழும். ஃபியூஸ் ஹோல்டர் குறிப்புக்கு ஒன்றும் விழாது; வருஷத்துக்கு ஒரு முறைதான் அது தேவைப்படும், ஆனால் அன்று அது மட்டுமே தேவைப்படும். லைக் எண்ணிக்கையை வைத்துத் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் கேக்கைத்தான் மேலே கொண்டுவந்து நிறுத்தும்.

ஆகவே, உங்கள் அலுவலகத்துக்கு விற்பனையாளர் டெமோ காட்ட வரும்போது, மூன்று வருஷப் பழைய கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரைத் தொட்டால் அவரிடமோ அவர் இடத்தில் இப்போது இருப்பவரிடமோ கேட்க முடிகிறதா? ‘இது பழசு, புதுசு இங்கே இருக்கிறது’ என்று படித்தவர் அதன் தலையிலேயே எழுத முடிகிறதா? முடியாது என்றால் செக் புத்தகத்தை வெளியே எடுக்காதீர்கள்.

(தொடரும்)