கடலூரில் மகளிர் கால்பந்து

கடலூரில் மகளிர் கால்பந்து என்பது, 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கடலூர் நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த பெண்கள் கால்பந்தாட்டத்தைக் குறிக்கும். அரசு விடுதிகளிலும் எளிய குடும்பங்களிலும் வளர்ந்த சிறுமிகள் இங்கு பயிற்சி பெற்று மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் சென்றுள்ளனர். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

பின்னணி

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா தீவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டின் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாகப் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் கடலூர் ஒன்று. இம்மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலூர் நகரை ஒட்டிய தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா ஆகிய மீனவர் ஊர்களும், தெற்கே சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு அருகிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அடங்கும்.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு கடலூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் காப்பகங்களைத் தொடங்கியது. உணவும் உறைவிடமும் பள்ளிப் படிப்பும் கிடைத்த பிறகும், கடலைக் கண்டாலே அஞ்சும் குழந்தைகளை மீண்டும் ஓடி விளையாடச் செய்வது தனிப் பணியாக இருந்தது. கால்பந்து அதற்கு ஏற்றதாக அமைந்தது. ஒரு பந்தும் வெற்றிடமும் இருந்தால் இருபது பேர் சேர்ந்து ஆடலாம். மட்டை, வலை, தனித்தனிக் கருவிகள் போன்ற செலவுகள் இல்லை.

இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம்

கடலூர்ச் சிறுமிகளைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். அவர் தொடங்கி நடத்திய இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம், பெயருக்கேற்ப விளையாட்டையும் படிப்பையும் இணைத்தே நடத்தியது. பயிற்சி பெறும் பெண்கள் பள்ளியையும் கல்லூரியையும் விட்டுவிடக் கூடாது என்பது அதன் அடிப்படை. இதனால், கால்பந்தில் உயர்நிலையை எட்ட முடியாதவர்களுக்கும் ஒரு பட்டமாவது கையில் இருக்கும்.

இந்திய மகளிர் கூட்டிணைவு (இந்தியன் வுமன்ஸ் லீக்) 2016-17 பருவத்தில் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் பருவமான 2017-18 இல், ஷில்லாங்கில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் கடலூரின் இக்கழகமும் ஒன்று. மணிப்பூர், ஒடிசா, கேரளம் ஆகிய மாநிலங்களின் வலுவான கழகங்களுடன் ஒரு மாவட்டத் தலைநகரின் அணி ஆடியது தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

வீராங்கனைகள்

இந்துமதி கதிரேசன் 1994 ஆம் ஆண்டு கடலூரில் பிறந்தவர். நடுக்கள ஆட்டக்காரர். 2019 இல் நேபாளத்தின் பிராட்நகரில் நடைபெற்ற தெற்காசிய மகளிர் வாகையர் போட்டியில் இந்தியா பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். அப்போட்டியின் அரையிறுதியில் வங்காளதேசத்தை இந்தியா 4-0 என வென்றது. அதில் இரண்டு கோல்கள் இவர் அடித்தவை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றுகிறார். 2021 இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் சாலைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகருக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். பிரேசிலின் மூத்த வீராங்கனை ஃபார்மிகாவுக்கு விடைகொடுக்கும் ஆட்டமாக அமைந்த முதல் போட்டியில் பிரேசில் 6-1 என வென்றது. இந்தியாவின் ஒரே கோலை மனிஷா கல்யாண் அடித்தார்.

சந்தியா ரங்கநாதன் கடலூர் மாவட்டம் பண்ணுருட்டிப் பகுதியைச் சேர்ந்தவர். அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். முன்கள ஆட்டக்காரரான இவரும் 2019 தெற்காசிய வாகையர் அணியில் இருந்தார்.

கடலூரில் தொடங்கிய இவ்வீராங்கனைகள் பின்னர் பிற கழகங்களுக்கும் ஆடினர். மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் அவற்றுள் ஒன்று. அக்கழகம் 2019 மே மாதம் லூதியானாவில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் கூட்டிணைவுப் பட்டத்தைப் பெற்றது.

மாநில அணியின் வெற்றிகள்

மூத்தோர் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டி 1991 முதல் நடைபெறுகிறது. இதில் மணிப்பூர் 20க்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்றுள்ளது. 2018 பிப்ரவரி 14 அன்று கட்டக் நகரில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் அந்த மணிப்பூரையே 2-1 என வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2023 ஜூன் மாதம் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என வென்று இரண்டாம் முறையும் பட்டம் பெற்றது. இவ்வெற்றிகளில் மாநிலத்தின் பல மாவட்டத்தினருடன் கடலூர்ப் பயிற்சியில் வந்தவர்களுக்கும் பங்குண்டு.

வயதுப் பிரிவுகளும் இளையோர் அணிகளும்

கால்பந்தில் நாட்டின் மூத்தோர் அணிக்குக் கீழே 20 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என இளையோர் அணிகள் உள்ளன. வயதைக் கணக்கிடுவது பிறந்த ஆண்டை வைத்தே. எடுத்துக்காட்டாக, 2022 ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக்கோப்பையில் ஆட, 2005 சனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும்.

இவ்விதியின் விளைவை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 14 வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொடும் சிறுமிக்கு அந்த அணியில் இடம்பெற மூன்று ஆண்டுகளே எஞ்சியிருக்கும். 9 அல்லது 10 வயதில் தொடங்குபவருக்கு ஏழு அல்லது எட்டு ஆண்டுகள் கிடைக்கும். ஆகவே, நாட்டின் இளையோர் அணி எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதைத் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி மைதானங்களே பெருமளவு முடிவு செய்கின்றன. இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்காக 1960 முதல் நடத்தப்படும் சுப்ரதோ கோப்பையில், மாணவியருக்கான 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு 2012 இல்தான் சேர்க்கப்பட்டது. அதாவது, மாணவர்களைவிட மாணவியர் அரை நூற்றாண்டு பின்தங்கித் தொடங்கினர்.

கொலம்பியாவுடன் ஓர் ஒப்பீடு

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக்கோப்பை இந்தியாவில் புவனேசுவரம், மட்கான், நவி மும்பை ஆகிய இடங்களில் நடைபெற்றது. தென் அமெரிக்காவிலிருந்து பிரேசில், கொலம்பியா, சிலி ஆகிய அணிகள் வந்தன. போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் பங்கேற்ற இந்தியா, அமெரிக்காவிடம் 0-8, மொரோக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்றது.

கொலம்பியா காலிறுதியில் தன்சானியாவை 3-0 எனவும், அரையிறுதியில் நைஜீரியாவைப் பெனால்டி உதைகளிலும் வென்றது. ஆண், பெண், எந்த வயதுப் பிரிவாயினும் கொலம்பிய அணி ஒன்று ஃபிஃபா கால்பந்து உலகக்கோப்பையின் இறுதிப் போட்டிக்குச் சென்றது அதுவே முதல் முறை. அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் நடைபெற்ற இறுதியில், ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரு சொந்த கோலால் ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்றது.

அந்த அணியின் லிண்டா கைசெடோ, 2005 பிப்ரவரியில் பிறந்தவர். 14 வயதிலேயே தொழில்முறைக் கழகத்தில் ஆடத் தொடங்கினார். 15 வயதில் சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டார். 2022 சூலையில் மூத்தோர் அணிக்காகக் கோப்பா அமெரிக்காவிலும், ஆகத்தில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையிலும், அக்டோபரில் இந்தியாவிலும் ஆடினார். நான்கு மாதங்களுக்குள் மூன்று வயது நிலைகளில் ஒருவர் ஆட முடிந்ததற்குத் திறமை ஒரு காரணம். சிறுவயதிலேயே ஆடுவதற்குக் கழகமும், 2017 முதல் பெண்களுக்கான தொழில்முறைக் கூட்டிணைவும் அந்நாட்டில் இருந்தது மற்றொரு காரணம்.

எனினும் அங்கும் எல்லாம் சீராக இல்லை. அக்கூட்டிணைவு ஆண்டின் சில மாதங்களே நடைபெற்றது. 2022 இன் பிற்பகுதியில் அது நடைபெறாது என அறிவிக்கப்பட்டபோது, கோப்பா அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த கொலம்பிய வீராங்கனைகள் களத்திலேயே கையை உயர்த்தி எதிர்ப்பைத் தெரிவித்தனர். பெண்களின் கால்பந்து வாழ்க்கை ஊதியம் தரும் வேலையாக நீடிக்குமா என்பதே கடலூருக்கும் காலி நகருக்கும் பொதுவான கேள்வி.

படிப்பும் வேலைவாய்ப்பும்

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடை பெரும்பாலும் அரசுப் பணியே. விளையாட்டில் சிறந்து விளங்குவோருக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. காவல்துறைத் தேர்வுகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, கோப்பையைவிடச் சீருடை அணிந்த ஒரு காவல் அதிகாரியே வலுவான சான்று. இந்துமதியின் பணி இவ்வகையில் அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்கு வழி திறந்துள்ளது.

மற்றொரு வழி உடற்கல்வி ஆசிரியர் பணி. கடலூருக்குத் தெற்கே சிதம்பரத்தில் 1929 இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இயங்குகிறது. மைதானத்தை அறிந்த ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது, மாணவியர் தயக்கமின்றி விளையாட முன்வருவர். பெற்றோரும் நம்பி அனுப்புவர்.

முக்கியத்துவம்

பேரிடரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு விடுதி, பள்ளி, மைதானம், பயிற்சியாளர், கழகம், வேலை ஆகியவை தொடர்ச்சியாகக் கிடைத்தால் அவர்கள் நாட்டின் அணி வரை செல்ல முடியும் என்பதைக் கடலூர் காட்டியது. இவற்றுள் எது விடுபட்டாலும் அந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடும். கடலூரில் இவற்றுள் பலவற்றை ஒரு பயிற்சியாளரும் ஒரு சிறு கழகமும் சுமந்தனர். கொலம்பியாவில் கழகங்களும் கூட்டிணைவும், குறைகளோடு என்றாலும், அந்தச் சுமையைப் பகிர்ந்துகொண்டன. 2022 இல் நவி மும்பை இறுதிப் போட்டியில் ஆடிய அணிக்கும், முதல் சுற்றோடு வெளியேறிய அணிக்கும் இடையே இருந்த தொலைவை இந்த வேறுபாட்டைக் கொண்டே அளக்க வேண்டும்.