தைராய்டு மிகைச் சுரப்பும் அன்றாட உணவும்

"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று சொல்லி வருவோர் பலருக்கு, தம் சுரப்பி குறைவாகச் சுரக்கிறதா, மிகையாகச் சுரக்கிறதா என்பது தெரிவதில்லை. இவை நேரெதிரான நோய்கள். குறைச் சுரப்பு உள்ளவர் எடை கூடாமலிருக்கக் கடைப்பிடிக்கும் பத்தியத்தை மிகைச் சுரப்பு உள்ளவரும் மேற்கொண்டால், மெலிந்துவரும் உடல் மேலும் நலியும். ஆகவே, உங்கள் நோய் எது என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இக்கட்டுரை மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்கானது.

தைராய்டு ஹார்மோன் மிகும்போது உடல் தேவைக்கு மேல் வேகமாக இயங்குகிறது. உண்பது போதாமல் கொழுப்பும் தசையும் கரைகின்றன. எலும்பிலிருந்து கால்சியமும் வெளியேறுகிறது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதும், படியேறுகையில் தொடை சோர்வதும் இதனால்தான். எந்த உணவும் இந்த மிகைச் சுரப்பை நிறுத்தாது; அது மருந்தின் வேலை. இழந்ததை ஈடுசெய்வதே உணவின் வேலை.

எவற்றை உண்பது?

மூன்று வேளை உணவுடன், இடையில் இரு முறை சிற்றுணவும் கொள்ளலாம். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்: பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் ஒன்று போதும். வயது வந்தோருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பால், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் உதவும். நீரிழிவும் உள்ளவர்கள் அளவை எங்களிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும். மிகைச் சுரப்பு இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தும்.

உப்பை நிறுத்த வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. அயோடின் சேர்த்த உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும். அவ்வளவே உள்ள உப்பை நாளுக்கு 5 கிராம் உண்டால் கிடைப்பது 75 மைக்ரோகிராம். பெரியவர்களின் அன்றாடத் தேவையோ 150. தவிர்க்க வேண்டியவை கடற்பாசி மாத்திரைகளும், அயோடின் மிகுந்த சத்து மாத்திரைகளும்தான். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் மட்டும் சில நாட்களுக்கு அயோடின் குறைந்த உணவைப் பரிந்துரைப்பது உண்டு. அப்போது நாங்களே சொல்வோம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றைச் சமைத்து அளவாக உண்ணலாம். அவற்றை விலக்கவும் வேண்டாம், மருந்தென்று நம்பவும் வேண்டாம். நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் அடங்கும்வரை காபி, தேநீர், ஊக்க பானங்களைக் குறைப்பது நல்லது. முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் எங்களிடம் தெரிவியுங்கள். அது முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

சிகிச்சை தொடங்கிய பின்

சில வாரங்களில் சுரப்பு அடங்கும். பழகிய பசியோ உடனே அடங்குவதில்லை. எனவே எடை ஏறும். இழந்த எடை திரும்புவது குணமாவதன் அடையாளம். அதற்கு அஞ்சிச் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆபத்து நேரலாம். பழைய எடையை எட்டியதும் குறைக்க வேண்டியது சிற்றுணவையும் இனிப்பையுமே, மருந்தை அன்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கார்பிமசோல் உட்கொள்ளும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் தோன்றினால், அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வந்து இரத்த அணுக்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரிதாக இம்மருந்து வெள்ளணுக்களை வெகுவாகக் குறைத்துவிடும்.

இல்லத்தார் வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், காலை உணவுக்கு முன் நோயாளியின் எடையைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். மருந்தின் அளவையும் உணவின் அளவையும் முடிவு செய்ய அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.