சிரிப்பு யார் மேல?

பையனுக்கு 'ஆம்பளைத்தனம்' வரணும்னா எங்கே கூட்டிட்டுப் போகலாம்? நம்ம வல்லம் வடகால் சிப்காட்ல ஒரு ஃபேக்டரிக்கா? 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் அப்பா ஹோமரும் அப்படித்தாங்க யோசிச்சார்!

1997-ல் வந்த எபிசோடு அது. புதுசா ஃப்ரெண்டான ஜான் ஒரு 'கே'னு தெரிஞ்சதும் ஹோமருக்குக் கிலி. மகன் பார்ட்டும் அப்படி ஆகிடுவானோனு பயந்து, ஸ்டீல் ஃபேக்டரிக்கு இழுத்துட்டுப் போறார். அங்கே போய்ப் பார்த்தா... வேலை செய்யற அத்தனை பேருமே கே! கடைசியில் அப்பா, பையன் ரெண்டு பேரையும் ஆபத்துல காப்பாத்துறதும் அதே ஜான்தான். அனிமேஷனுக்கான எம்மி விருதையும் அந்த எபிசோடு தட்டிட்டு வந்துச்சு.

கவனிச்சீங்களா? காமெடி இருக்கு. ஆனா, சிரிப்பு ஜான் மேல இல்லை... ஹோமரோட பயத்து மேல!

இப்ப கோலிவுட்டுக்கு வாங்க. 2006-ல் 'வேட்டையாடு விளையாடு' படத்துல, வில்லன்களை இன்னும் பயங்கரமா காட்டத்தான் இந்த அடையாளம் பயன்பட்டுச்சு. 2010-ல் 'கோவா' வந்துச்சு. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடி. கலாய் நிறையவே உண்டு. ஆனா, அவங்களுக்கும் காதல், பொறாமைனு ஒரு கதை இருந்துச்சு.

வயசு வந்த ரெண்டு பேர் மனசு ஒத்து விரும்பினா அது குற்றமில்லைனு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா, ஹாஸ்டல் டி.வி. ரூம்ல தீர்ப்பு சொல்றது உங்க சிரிப்புதான். நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்கனு பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ரூம்மேட் கவனிச்சுக்கிட்டு இருக்கலாம். உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசலாமா, வேணாமானு அவன் முடிவு பண்றது அந்த நொடியிலதான்!