காரைக்கால் அம்மையாராக வந்த கொடுமுடி கோகிலம்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலுக்குப் போயிருக்கிறீர்களா? பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வரும். கீழே நிற்கும் கூட்டம் கையை நீட்டித் தாவிப் பிடிக்கும். அப்படிக் கிடைத்த பழத்தைத் தம்பதி சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. ஒரே ஒரு மாம்பழத்தால் குடும்ப வாழ்க்கையைத் தொலைத்த புனிதவதியின் ஊர் அது.

அந்தப் புனிதவதிதான் காரைக்கால் அம்மையார். அவர் கதையை ஏ.பி.நாகராஜன் 1973-ல் படமாக எடுத்தார். இளமைப் புனிதவதியாக லட்சுமி நடித்தார். அழகையெல்லாம் உதறிவிட்டு ஈசனைத் தேடிப் போகும் அம்மையாராக வந்தவர் கே.பி.சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் அவர் பாடப் பாட, சிவனும் பார்வதியும் ஆடும் அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வேடத்துக்கு வேறு யாரைப் போட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் தோன்றவில்லை. குரல் மட்டும் அதற்குக் காரணமில்லை.

காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் சுந்தராம்பாள். 'கே.பி.' என்பதில் 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. அப்பா சிறு வயதிலேயே போய்விட, தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தக் காலத்தில் அம்மா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு நாடறியப் புகழ்பெற்றவர் மகள்! வறுமையில் ரயிலில் பாடிய சிறுமியின் குரல் ஒருவர் காதில் விழுந்து, அவளை நாடகக் கம்பெனி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று சொல்வார்கள்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். ஹார்மோனியத்தின் உச்ச சுருதியோடு போட்டி போட்டுப் பாடிப் பழகிய தொண்டை அது. இலங்கைக்கு நாடகம் நடிக்கப் போன இடத்தில்தான் எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார். அவரும் உச்சஸ்தாயியில் மன்னர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் மேடையேறினால் கூட்டம் தாங்காது. 1927-ல் மணந்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த வாழ்க்கை சுந்தராம்பாளுக்குச் சுகமாக அமையவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. கணவரும் விலகிப் போனார். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளியாகின. ஏக்கமும் தன்மானமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும் கடிதங்கள் அவை. 1933 டிசம்பரில், முப்பது வயதுகூட நிறையாமல் கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த வெள்ளைப் புடவையைப் பெருமையாகப் பேசுவதில் எனக்குச் சங்கடம் உண்டு. 25 வயதுப் பெண்ணிடம் அன்றைய ஊர் எதிர்பார்த்ததும் அதைத்தானே? ஆனால் ஊர் எதிர்பார்த்த இன்னொன்றை அவர் செய்யவில்லை. மூலையில் உட்காரவில்லை. காங்கிரஸ் மேடைகளில் ஏறித் தேசபக்திப் பாடல்கள் பாடினார்.

சினிமா அழைத்தபோது, இவ்வளவு கேட்டால் போய்விடுவார்கள் என்று நினைத்து ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கேட்டாராம். அவர்களோ சரி என்றுவிட்டார்கள்! 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் அவருக்கு வேடம் நந்தனாரேதான். ஜோடி பிரச்சினை தீர்ந்தது, ஆணாகவே நடித்துவிட்டார்! வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

அதன் பிறகு வந்த வேடங்களைப் பாருங்கள். 1940-ல் மணிமேகலை. 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. (அந்தப் படம் வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1954 நவம்பரில்தான் இந்தியாவோடு வந்தது.) 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். காரைக்காலிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் தரங்கம்பாடி, அதையும் தாண்டினால் கண்ணகியின் அந்தப் பூம்புகார். துறவி, கிழவி, அடியார் என்று ஒருவருக்கும் ஹீரோ தேவையில்லை. கதாநாயகி வாசலைத் தானே சாத்திக்கொண்ட ஒருவருக்காகத் தமிழ் சினிமா தனி வாசல் வைத்துக் கொடுத்தது. இன்றைய சீரியல்களில் நாற்பதைத் தாண்டினால் மாமியார் வேடம்தான் என்று அலுத்துக்கொள்ளும் நடிகைகள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்திலும் ஒரு மாம்பழம் உண்டு. பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்த வரும் ஔவை, நம் கே.பி.எஸ்.தான். எட்டு வருடம் கழித்துக் காரைக்கால் மாம்பழமும் அவரிடமே வந்தது.

கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள் புனிதவதி. சாப்பிட உட்கார்ந்த கணவன் ஒன்றைச் சுவைத்துவிட்டு இரண்டாவதையும் கேட்கிறான். இறைவனை வேண்ட, கையில் பழம் வருகிறது. உண்மை தெரிந்ததும் கணவனுக்குப் பயம். கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். பிறகு தேடி வந்த புனிதவதியின் காலிலேயே குடும்பத்தோடு விழுகிறான். காலில் விழுந்தவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? உனக்காகத் தாங்கிய இந்த அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். தலையால் நடந்து கயிலைக்குப் போனவளை ஈசன் 'அம்மையே' என்று அழைத்தாராம். 'அற்புதத் திருவந்தாதி' பாடியவர் அந்த அம்மையார்தான். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தால் எல்லோரும் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கதைக்கு கே.பி.எஸ். புதிதாக நடிக்க என்ன இருந்தது, சொல்லுங்கள்! கணவன் விலகிய வலியும், அலங்காரத்தைக் கழற்றி வைத்த உறுதியும், பாட்டே துணை என்ற வாழ்க்கையும் அவர் நாற்பது வருடமாகச் சுமந்தவைதானே.

மரியாதைகளுக்கும் குறைவில்லை. 1951-லேயே சென்னை சட்ட மேலவை உறுப்பினர். சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 'துணைவன்' படப் பாடலுக்கு 1969-க்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

அடுத்த முறை டிவியில் 'திருவிளையாடல்' ஓடினால், ஔவை வரும் இடத்தில் ரிமோட்டைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். 'காரைக்கால் அம்மையார்' படத்தைப் போனில் பார்ப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த உச்சஸ்தாயி போன் ஸ்பீக்கருக்குள் அடங்காது.