ரேழி டூ கூடம், வயா மும்பை!

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கம் இருக்கிற பழைய வீடுகளைப் பார்த்திருக்கீங்களா? திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைனு ரயில் பெட்டி மாதிரி நீண்டுகிட்டே போகும். நிறைய வீடுகள் ஃப்ளாட் ஆகிடுச்சு. மிச்சமிருக்கிற ஒண்ணுல அண்ணன் ரேழியில, தம்பி மாடியில, லீவுக்கு வந்த கஸின் கூடத்துலனு உட்கார்ந்து ஒரே டீமா வேலரன்ட் ஆடினா? 'டேய், லெஃப்ட்ல வர்றான்டா!'னு ஒரு சத்தம். மத்தியானத் தூக்கத்துல இருக்கிற பாட்டிக்குத் தூக்கிவாரிப் போடும்.

'ஹெட்செட் மாட்டிக்கிட்டு டிஸ்கார்டுல பேச வேண்டியதுதானே?' பேசலாம் பாஸ். ஆனா காமெடியே அங்கதான். உங்க குரல் பக்கத்து ரூமுக்கு நேரா போகாது. கம்பெனி சர்வருக்கு, மும்பையிலயோ வேற எங்கயோ, போயிட்டுத்தான் திரும்பி வரும்.

ஒரு சின்னக் கணக்கு. காத்துல ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 12 மீட்டர் தள்ளி இருக்கிற தம்பிக்கு நீங்க கத்தினது 35 மில்லி செகண்டுல கேட்டுடும். அதே குரல் மைக்ல சுருங்கி, சர்வருக்குப் போய், திரும்பி வந்து, விரிஞ்சு காதுல விழ 100 மில்லி செகண்டை சுலபமா தாண்டிடும். இரண்டு சத்தத்துக்கு நடுவுல 30, 40 மில்லி செகண்டுக்கு மேல இடைவெளி விழுந்தா காது அதை எதிரொலியாத்தான் எடுத்துக்கும். போதாக்குறைக்கு, நீங்க போட்ட சத்தத்தைத் தம்பியோட மைக்கும் பிடிச்சு அனுப்பும்! இந்தக் குழப்பத்துல எதிரி நடந்து வர்ற காலடிச் சத்தம் காணாமப் போயிடும். மேட்ச் அவுட்.

இதுக்கு முதல் மருந்து, பட்டனை அழுத்தினா மட்டும் மைக் திறக்கிற புஷ் டு டாக். 2001-லயே கவுன்டர் ஸ்ட்ரைக்ல வந்த சங்கதி. துவாக்குடி என்.ஐ.டி.யில 2000-கள்ல படிச்ச சீனியர் யாராவது மாட்டினா கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க.

இரண்டாவது, என்னோட ஓட்டு இதுக்குத்தான்: மம்பிள். 2005-ல இருந்து இருக்கிற இலவச, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். வீட்ல இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல இதோட சர்வரைப் போடுங்க. ஃபயர்வால்ல 64738-ங்கிற போர்ட்டைத் திறந்து விடுங்க. மத்தவங்க 192.168-னு ஆரம்பிக்கிற அந்த கம்ப்யூட்டரோட ஐ.பி. நம்பரை அடிச்சா போதும். ஆண்ட்ராய்டு போன்ல மம்லானு ஒரு ஆப் இருக்கு. எல்லாரும் ஒரே வை-ஃபைல இருக்கணும், கெஸ்ட் நெட்வொர்க்ல இருந்தா வேலைக்கு ஆகாது. குரல் வீட்டை விட்டு வெளியவே போகாததால தாமதம் நல்லாவே குறையும்.

ப்ளூடூத் ஹெட்செட்? வேண்டாமே. அது தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கும், மைக் ஆன் ஆனதும் சத்தத்தோட தரமும் இறங்கிடும். வயர் வச்ச சாதா இயர்போனே இங்க ராஜா. அப்புறம், 'வாய்ஸ் சாட் டேட்டாவை முழுங்குது'னு புலம்புறவங்களுக்கு: டிஸ்கார்டோட வழக்கமான 64 கிலோபிட்ல ஒருத்தர் ஒரு மணி நேரம் மூச்சு விடாம பேசினாலும் 29 எம்.பி.தான். டேட்டாவைத் தின்னது நீங்க பார்த்த ரீல்ஸ்!

ஒரு சீரியஸ் மேட்டர். நாலு பேரும் இரண்டு காதையும் அடைச்சுக்கிட்டா, குளியலறையில வழுக்கி விழுந்த பாட்டி கூப்பிட்டாக்கூட யாருக்கும் கேட்காது. நீளமான வீடு வேற. அதனால முறை போட்டு, ஒருத்தர் ஒரு காதைத் திறந்து வச்சு ஆடுங்க. இல்லைன்னா ஒரு பழைய போனை மம்பிள்ல சேர்த்துப் பாட்டி கட்டில் பக்கத்துல வச்சிடுங்க. அந்த மைக் மட்டும் எப்பவும் திறந்தே இருக்கட்டும்.

ரவுட்டரையும் சர்வர் கம்ப்யூட்டரையும் இன்வெர்ட்டர் லைன்ல மாட்டிடுங்க. கரன்ட் போய் நெட்டும் போச்சா? அப்பவும் ரேழிக்கும் கூடத்துக்கும் பேச்சு ஓடும். கேம்தான், நெட் வர்ற வரைக்கும் வெயிட்டிங்!