பெஞ்சில் உட்கார்ந்தா ஆட்டம் வருமா? என்.எஃப்.எல்.லுக்கு ஒரு பயிற்சி லீக்

இன்னைக்கு ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீங்க, என் கதை இல்ல.

பிராண்டன் ஆப்ரி. காலேஜ்ல நம்ம ஊர் அர்த்தத்துல ஃபுட்பால், அதாவது சாக்கர் ஆடினவர். 2017-ல் டொரொன்டோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனா அந்தப் பாதை ரொம்ப தூரம் போகல. மனுஷன் கோடு எழுத வந்துட்டார். ஒரு நாள் டிவியில அமெரிக்கன் ஃபுட்பால் ஓடுது. பந்தை உதைச்சு கம்பங்களுக்கு நடுவுல அனுப்புற கிக்கரைப் பார்த்த அவர் மனைவி, "இது உன்னாலயும் முடியுமே"ன்னு சொல்லியிருக்காங்க. வேலையை விடாம பயிற்சி எடுத்தார். 2022, 2023 ரெண்டு வருஷமும் யு.எஸ்.எஃப்.எல். என்ற சின்ன லீக்கில் பர்மிங்ஹாம் ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆடினார். ரெண்டு வருஷமும் கோப்பை அவங்களுக்குத்தான். அதைப் பார்த்து டாலஸ் கவ்பாய்ஸ் கூப்பிட்டது. என்.எஃப்.எல்.லில் அவர் அடித்த முதல் 35 ஃபீல்டு கோலும் ஒண்ணுகூட தவறல. அது சாதனை. அப்போ வயசு 28.

எனக்கு உறைச்சது சாதனை இல்ல. அந்தச் சின்ன லீக் 2022-ல்தான் ஆரம்பிச்சது. ஒரு நாலு வருஷம் முன்னாடி இவருக்கு இந்த யோசனை வந்திருந்தா, எங்க போய் ஆடிக் காட்டியிருப்பார்?

பேஸ்பாலை எடுத்துக்கோங்க. மேஜர் லீக்குக்குக் கீழ 120 மைனர் லீக் அணிகள் இருக்கு. கூடைப்பந்துக்கு 2001-லிருந்து ஒரு வளர்ப்பு லீக், இப்போ அதுக்குப் பேர் ஜி லீக். பணத்துல இவங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுற என்.எஃப்.எல்.லுக்கு மட்டும் சொந்தமா அப்படி ஒண்ணு இல்ல. 2021-ல் இவங்க போட்ட டிவி ஒப்பந்தங்கள் 11 வருஷத்துக்கு 100 பில்லியன் டாலருக்கு மேல. அதனால காசில்லைங்கிற பேச்சுக்கே இடமில்ல.

அப்போ ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க? ஒவ்வொரு அணியும் கோடை முகாமுக்கு 90 பேரைக் கூட்டிட்டு வரும். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் இருக்கலாம். 32 அணி, அணிக்கு 37 பேர். ஆகஸ்ட் கடைசியில கிட்டத்தட்ட 1,200 பேருக்கு வேலை போகுது. அதுல அணிக்கு 16 பேரை 'பிராக்டிஸ் ஸ்குவாட்'ல வெச்சுக்கலாம். மத்தவங்க பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போய் ஃபோனைப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்.

ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இந்த பிராக்டிஸ் ஸ்குவாட் சட்டுனு புரியும். அது பெஞ்ச். நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நாலு மாசம் பெஞ்ச்ல இருந்திருக்கேன். சம்பளம் வரும், ஐ.டி. கார்டு கழுத்துல தொங்கும், வீட்டுல எல்லாருக்கும் பெருமை. ஆனா அந்த நாலு மாசத்துல ஒரு வரி கோடு கூட புரொடக்‌ஷனுக்குப் போகல. எதையும் உடைக்கல, அதனால எதையும் கத்துக்கல.

அங்க நிலைமை இன்னும் மோசம். பிராக்டிஸ் ஸ்குவாட் ஆள் தன் அணியோட ஆட்டத்தைக் கூட முழுசா பழக மாட்டார். இந்த வாரம் மோதப்போற எதிரணி எப்படி ஆடும்னு நடிச்சுக் காட்டுறதுதான் பெரும்பாலும் அவர் வேலை. கோச் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதுல இருக்கிற மாதிரி ஓடணும். அடுத்த வாரம் வேற எதிரணி, வேற அட்டை. அதிலும் குவார்டர்பேக் பாடுதான் பாவம். முதல் ஆள் நல்லா இருக்கிற வரைக்கும் பயிற்சி நேரம் முழுக்க அவருக்குத்தான். ரெண்டாவது, மூணாவது ஆள் ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள்தான் அவங்களுக்கு வாய்ப்பு, அதையும் 2021-ல் நாலிலிருந்து மூணாக் குறைச்சுட்டாங்க. முரட்டு மோதலோட பயிற்சி செய்ய சீசனுக்கு 14 நாள்தான் அனுமதி. உடம்புக்கு அது நல்லது, நான் மறுக்கல. ஆனா எதிர்ல நிக்கிற 140 கிலோ ஆளை நிஜமா தள்ளிப் பழகாம லைன்மேன் வேலையை எப்படிக் கத்துக்கிறது?

இது அவங்களுக்குத் தெரியாததில்ல. ஒரு தடவை செஞ்சும் பார்த்தாங்க. 1991-ல் ஆரம்பிச்ச வேர்ல்டு லீக், இடையில ரெண்டு வருஷம் நின்னு, 1995-ல் முழுக்க ஐரோப்பாவுக்குப் போய், அப்புறம் என்.எஃப்.எல். யூரோப்னு பேர் மாத்திக்கிச்சு. வசந்த காலத்துல ஆட்டம். அமெரிக்க அணிகள் தங்களோட கடைநிலை ஆட்களை அங்க அனுப்பும். கர்ட் வார்னர் அப்படிப் போனவர். 1994-ல் எந்த அணியும் அவரை டிராஃப்ட்ல எடுக்கல. முகாமுக்குக் கூப்பிட்ட ஒரு அணியும் கழட்டி விட்டுச்சு. அயோவாவில ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட்ல அலமாரியில சாமான் அடுக்கினார். உள்ளரங்க லீக்ல ஆடினார். 1998-ல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ். அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியோட முதல் குவார்டர்பேக்குக்குக் காலில் அடிபட, இவரை இறக்கினாங்க. அந்த சீசனோட சிறந்த வீரர், சூப்பர் பவுல் கோப்பை, சூப்பர் பவுலோட சிறந்த வீரர், மூணும் இவருக்கே.

இவ்வளவு நல்லா வேலை செஞ்சதை ஏன் மூடினாங்க? நஷ்டம். வருஷத்துக்குச் சுமார் 30 மில்லியன் டாலர்னு அப்போ செய்தி. கடைசியில ஆறு அணியில அஞ்சு ஜெர்மனியில. 2007 ஜூன்ல ஃபிராங்க்ஃபர்ட்டில் இறுதிப்போட்டி, கூட்டம் 48,000. அடுத்த வாரமே இழுத்து மூடியாச்சு. மொத்த லீக்கும் பகிர்ந்துக்கிட்டா அணிக்கு ஒரு மில்லியன்கூட வராது. என்னைக் கேட்டா, அதைப் பயிற்சிச் செலவா பார்க்காம வியாபாரமா பார்த்ததுதான் தப்பு.

ஆனா உண்மையான காரணம் வேற. வளர்ப்பு லீக் ஏற்கனவே இருக்கு, அதுவும் இலவசமா. காலேஜ் ஃபுட்பால். பள்ளி முடிச்சு மூணு வருஷம் ஆகாம யாரும் என்.எஃப்.எல்.லுக்கு வர முடியாது. அந்த மூணு வருஷச் செலவும் காலேஜுடையது. வரும்போதே நட்சத்திரமா வர்றாங்க. பேஸ்பால் காரங்க 18 வயசுப் பையனை எடுத்து, பஸ்ஸில் ஏத்தி ஊர் ஊரா அனுப்பி, சம்பளம் கொடுத்து வளர்க்கிறாங்க. இவங்களுக்கு அந்தத் தலைவலியே இல்ல. சிக்கல் என்னன்னா, காலேஜ் கோச் அடுத்த சனிக்கிழமை ஜெயிக்கணும். பையன் 26 வயசுல என்னவா ஆவான்ங்கிறது அவர் கவலை இல்ல.

வெளியாட்கள் முயற்சியும் சரியா அமையல. 2019-ல் ஏ.ஏ.எஃப். பிப்ரவரியில தொடங்கி எட்டே வாரத்துல நின்னுது. பிராக்டிஸ் ஸ்குவாட் ஆட்களைக் கடன் கேட்டாங்க. வீரர் சங்கம் இசையல. அது நியாயமான பயம்: வசந்தத்துல 10 ஆட்டம், உடனே இலையுதிர் காலத்துல 16 ஆட்டம்னா எந்த முழங்கால் தாங்கும்? லீக் நின்னப்போ சில வீரர்கள் சொந்தக் காசுல டிக்கெட் போட்டு வீட்டுக்குப் போனாங்க. எக்ஸ்.எஃப்.எல். 2020-ல் அஞ்சு வாரம் ஆடி கொரோனாவில படுத்துது. எழுந்து வந்து, யு.எஸ்.எஃப்.எல்.லோட சேர்ந்து 2024-ல் யு.எஃப்.எல். ஆச்சு. வேடிக்கை என்னன்னா, எக்ஸ்.எஃப்.எல். கண்டுபிடிச்ச கிக்-ஆஃப் முறையை என்.எஃப்.எல். 2024-ல் கொஞ்சம் மாத்தி எடுத்துக்கிச்சு. ஸ்டேஜிங் சர்வர் வேற ஒருத்தர் காசுல, ரிலீஸ் மட்டும் இவங்களுது.

சம்பளத்தைப் பாருங்க. 2024-ல் யு.எஃப்.எல்.லில் வாரத்துக்கு 5,500 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாட்ல குறைஞ்சது 12,500. நிஜமா மோதி அடிபடுறவனைவிட, அட்டையைப் பார்த்து ஓடுறவனுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. என்.எஃப்.எல். பென்ஷன் தகுதிக்கு மூணு சீசன் கணக்கு வேணும். யு.எஃப்.எல்.லில் எத்தனை வருஷம் ஆடினாலும் அந்தக் கணக்குல பூஜ்யம்.

நான் டிசைன் பண்ணினா இப்படி. நாலு என்.எஃப்.எல். அணிக்கு ஒரு பயிற்சி அணி, மொத்தம் எட்டு. வசந்தத்துல எட்டு ஆட்டம் போதும். போன சீசன்ல களத்துல இறங்காத ஆட்களுக்கு மட்டும் இடம், குறிப்பா குவார்டர்பேக்குகளும் லைன்மேன்களும். ஒப்பந்தம் தாய் அணியோடதான், சம்பளம் பிராக்டிஸ் ஸ்குவாட் அளவு. அடிபட்டா அடுத்த சீசன் சம்பளமும் சிகிச்சையும் உறுதி. இங்க ஆடுற சீசனும் பென்ஷன் கணக்குல சேரணும். கடைசி ரெண்டும் இல்லாம வீரர் சங்கம் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

எனக்கே விடை கிடைக்காத இடம் ஒண்ணு இருக்கு. நாலு அணி, நாலு கோச், நாலு விதமான ஆட்டம். அந்தப் பொது அணியில யாரோட பிளேபுக்கை ஆடுறது? நாலு பேரும் அவங்க குவார்டர்பேக்கைத்தான் இறக்கணும்னு நிப்பாங்க, களத்துல இடம் ஒருத்தருக்குத்தான். ஆளுக்கு ரெண்டு ஆட்டம்னு பிரிக்கலாம்னு தோணுது, ஆனா ரெண்டு ஆட்டத்துக்காக ஒருத்தன் முழங்காலைப் பணயம் வெப்பானா? உங்களுக்கு வேற வழி தோணினா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.