கண்மாய்க் கரையில் குடும்பமாக



தேர்வுகள் முடிந்து பள்ளிகள் மூடியதும் பங்கில் ஒரே பேச்சுதான். "சாமி, இந்த வருசமாவது பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போகணும்." வேன் வாடகை, அறை வாடகை, சாப்பாடு என்று கூட்டிப் பார்த்து, நகையை அடகு வைத்துப் போய் வந்த குடும்பங்களை நான் அறிவேன். போக வழியில்லாமல், விடுமுறை முழுவதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூசிய தந்தையரையும் அறிவேன். மலைக்குப் போவது தவறல்ல. ஆனால் குடும்பம் ஒன்றாக இருந்து மகிழ அவ்வளவு தூரமும் அவ்வளவு கடனும் தேவைதானா என்பதே என் கேள்வி.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் பாம்பாறும் அக்கினியாறும் மழை பெய்தால் ஓடும், இல்லையேல் மணல்தான். அதனால்தான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். கவிநாடு கண்மாய் நிரம்பிய காலத்தில் அதன் கரையில் நின்று பாருங்கள், கடல் மாதிரி இருக்கும். 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கம் வந்து, மும்பாலை ஏரியில்தான் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலிலிருந்து பங்குனி வரை பெரும்பாலான கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். வெயிலும் கொடுமையாக இராது. குடும்பத்தோடு போவதற்கு அதுவே ஏற்ற காலம்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் காட்ட நிறைய உண்டு. பழைய கண்மாய்கள் சிலவற்றின் உள்ளே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கல்லோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழி மடை. தூண்களுக்கு அடியில் தொட்டி இருக்கும். மேலே உள்ள நீரோடித் துளை வழியே தண்ணீர் வயலுக்குப் போகும்; கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டலும் கூடவே வெளியேறும். தண்ணீர் பாயும்போதே கண்மாய் தூர் வாரப்படுகிறது! நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் செய்தவர்கள் சிலவற்றில் கல்வெட்டும் பொறித்து வைத்தார்கள். மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு, நீர் வந்து சேர வரத்துக்கால் என்று ஒவ்வொன்றையும் தாத்தா பேரனுக்கு விளக்கினால் அதைவிட நல்ல பாடம் ஏது? (தாத்தாக்கள் பேச ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறார்கள்.)

ஒரு நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் சித்தன்னவாசல் போகலாம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். ஏழடிப்பட்டத்துக் குகையில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் உள்ளன. கீழே குடைவரைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளமே தீட்டப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர் என்று எல்லாம் அதில் உண்டு. அது அவர்களுடைய சமய நம்பிக்கையைச் சொல்லும் ஓவியம். வறண்ட பூமியில் வாழ்ந்தவர்கள் பேரின்பத்தை ஒரு நிறைந்த குளமாகக் கண்டார்கள் என்பது என்னை எப்போதும் சிந்திக்க வைக்கும்.

நம் ஆண்டவரும் ஏரிக்கரை மனிதர்தாம். கலிலேயக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. உண்ணவும் நேரமில்லாமல் உழைத்த சீடர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று ஓய்வெடுக்க அழைக்கிறார் இயேசு (மாற்கு 6). உயிர்த்தபின் அதே கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருக்கிறார் (யோவான் 21). இஸ்ரயேல் மக்களுக்கோ கூடாரப் பெருவிழா என்று ஏழு நாள் குடிசையில் தங்கும் சட்டமே இருந்தது (லேவியர் 23). நமக்கும் இது புதிதல்ல. செப்டம்பர் 8 விழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் குடும்பங்கள் வழியில் மரத்தடியில் சமைத்து, வெட்டவெளியில் படுத்து எழுவதில்லையா?

நம் ஊர்களிலேயே ஏரிக்கரைக் கொண்டாட்டம் ஒன்று உண்டு, மீன்பிடித் திருவிழா. கோடையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். உடனே ஊத்தா, கச்சா, வலையோடு ஆணும் பெண்ணும் சிறுவர்களும் இறங்குவார்கள். விராலோ கெளுத்தியோ கெண்டையோ, கிடைத்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பதே வழக்கம். அன்று அந்தச் சேற்றில் சாதியும் மதமும் பார்ப்பாரில்லை. மறுநாளும் அப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கரையில் மதுப்பாட்டில் உடைபடும் இடமாகப் பல கண்மாய்கள் ஆகிவிட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் மாலையில் அங்கே போக அஞ்சுகிறார்கள். ஆனால் குடும்பங்கள் போகாத இடத்தைத்தான் குடிப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போனால் நிலைமை மாறும். அன்பியக் கூட்டத்தை மாதம் ஒருமுறை கரையில் வையுங்களேன். கட்டுச்சோறு போதும்: புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய். கைப்பேசிகள் பையில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், கண்மாயில் மூழ்கிய பத்து வயதுச் சிறுவனை அடக்கம் செய்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்று நம்பி நடந்திருக்கிறான். அடுத்த அடியில் மண் அள்ளிய குழி. அவனோடு அன்று பெரியவர்கள் யாரும் இல்லை. போகாதே என்று சொல்லி மட்டும் பிள்ளைகளைத் தடுக்க முடியாது, அவர்கள் தனியாகப் போவார்கள். நாம் கூட்டிப் போவதே காவல். குழி எங்கே என்று ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு, பெரியவர் ஒருவர் பிள்ளைகளை விட்டுக் கண் எடுக்காமல் இருக்கட்டும். மடை, கலிங்குப் பக்கம் பிள்ளைகளை இறக்க வேண்டாம். யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, மூடிய காலி கேன் எதையாவது வீசி, 108-க்கு அழையுங்கள்.

இரவு தங்க விரும்புவோர் கரைமேல் கூடாரம் போட வேண்டாம். பாம்பு நடமாட்டம் அதிகம். பக்கத்தில் தெரிந்தவர் களத்துமேடு இருந்தால் கேட்டுத் தங்கலாம். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். குப்பைக்கு ஒரு சாக்கும் வேண்டும், திரும்பும்போது நிரம்பியிருக்க வேண்டும்.